செனட்டர்னா எந்த செனட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர்ல உங்க பேப்பர்ல வெளிநாட்டுச் செய்தி பக்கத்துல கசாலா ஹாஷ்மி பத்தி ஒரு சின்ன செய்தி போட்டோவோட வந்துச்சு, ஹைதராபாத்ல பிறந்தவங்க, அமெரிக்க செனட்டர், இப்போ வர்ஜீனியாவுக்கு துணை கவர்னரா ஜெயிச்சிருக்காங்கன்னு. அதை திருவாரூர்ல எங்க அப்பா படிச்சிட்டு எனக்கு போன் பண்ணாரு. அவருக்கு 81 வயசு, கூட்டுறவு சொசைட்டில செக்ரட்டரியா இருந்து ரிட்டையர் ஆனவரு, பேப்பரை முதல் பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் படிக்கிற ஆளு. அவரு கேட்ட கேள்வி இதுதான்: "ஏம்ப்பா, செனட்டருன்னா கமலா ஹாரிஸ் வாஷிங்டன்ல இருந்தாங்களே அந்த பதவிதானே, அதை விட்டுட்டு ஒரு மாநிலத்துல துணை கவர்னரா எதுக்கு போறாங்க, அது பதவி இறக்கம் இல்லையா?"

நியாயமான கேள்வி. தப்பு அப்பா மேல இல்ல, கோவிச்சுக்காதீங்க, உங்க செய்தி மேலதான். ஹாஷ்மி வாஷிங்டன் செனட்ல எப்பவுமே இருந்தது கிடையாது. அவங்க வர்ஜீனியா மாநில செனட்டர். ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசம் ராஜ்யசபா எம்.பி.க்கும் சட்டமேலவை உறுப்பினருக்கும் இருக்குற வித்தியாசம் மாதிரி. அதனால துணை கவர்னர் ஆனது அவங்களுக்கு பதவி உயர்வு, 40 பேர்ல ஒருத்தரா இருந்த அதே சபைக்கு இப்போ தலைமை தாங்குவாங்க, ஓட்டு சமமா விழுந்தா முடிவு பண்ற ஓட்டு அவங்களோடது.

நான் வர்ஜீனியால ஆஷ்பர்ன்ல இருக்கேன், லவுடன் கவுண்டி, கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. வாஷிங்டன் டிசிலேர்ந்து மேற்கே, டல்லஸ் ஏர்போர்ட்டைத் தாண்டி. தமிழ் ஆளுங்க நிறைய பேரு இங்க இருக்கோம். ஒரு வரி திருத்தம் கேட்டு ரெண்டு வரில எழுதலாம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத இது வளந்துடுச்சு, ஏன்னா இந்த மாநில செனட் விஷயத்துல எனக்கு சொந்தமா கொஞ்சம் பட்டறிவு இருக்கு, நீங்க வெட்டி சுருக்கிக்கலாம்.

அமெரிக்கால 50 மாநிலம், நெப்ராஸ்கா ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் ரெண்டு சபை. நெப்ராஸ்காகாரங்க 1937லேர்ந்து ஒரே சபை போதும்னு ஓட்டறாங்க. நம்ம ஊர்லயும் மேலவை இருந்துச்சு, 1986ல எம்.ஜி.ஆர் கலைச்சாரு, அப்புறம் கலைஞர் 2010ல திருப்பி கொண்டு வரப் பாத்தாரு, அம்மா வந்து வேணாம்னுட்டாங்க, அப்பாவுக்கு இதெல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கு. ஆனா நம்ம மேலவைல பட்டதாரிங்க, ஆசிரியர்ங்க, உள்ளாட்சி ஆளுங்க, எம்.எல்.ஏங்க தேர்ந்தெடுத்து அனுப்புவாங்க, மிச்சத்தை கவர்னர் நியமிப்பாரு. இங்க அப்படி இல்ல, மாநில செனட்டுக்கும் தொகுதி உண்டு, ஜனங்களே நேரா ஓட்டுப் போடணும். வர்ஜீனியால 40 தொகுதி. 2020 சென்சஸ் படி மாநில ஜனத்தொகை 86 லட்சத்து 31 ஆயிரம், 40ஆல வகுத்தா ஒரு தொகுதிக்கு சுமாரா 2 லட்சத்து 16 ஆயிரம் பேரு. தமிழ்நாட்டுல 234 எம்.எல்.ஏ, 2011 கணக்குக்கே ஒருத்தருக்கு 3 லட்சத்துக்கு மேல வருது. அதாவது இங்க செனட்டர்னு பெரிய பேரா இருந்தாலும் தொகுதி நம்ம எம்.எல்.ஏ தொகுதியை விட சின்னது. டெக்சாஸ்ல கதை வேற, அங்க மாநில செனட் சீட்டு வெறும் 31, ஒரு தொகுதில 9 லட்சத்து 40 ஆயிரம் பேரு, அவங்க வாஷிங்டனுக்கு அனுப்புற காங்கிரஸ் உறுப்பினரோட தொகுதியை விட மாநில செனட் தொகுதி பெருசு. நார்த் டகோடால 17 ஆயிரத்துக்கும் கம்மி, நம்ம ஊர் பேரூராட்சி சைஸ். எல்லாருக்கும் பட்டம் ஒண்ணுதான், செனட்டர்.

சம்பளத்தைக் கேட்டா அப்பாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. வர்ஜீனியா செனட்டருக்கு வருஷத்துக்கு 18,000 டாலர். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. இந்தப் பக்கம் வீட்டு வாடகையே அதை விட ஜாஸ்தி. ஜனவரில மாநிலத் தலைநகர் ரிச்மண்ட்ல சபை கூடும், ஒரு வருஷம் 60 நாள், அடுத்த வருஷம் 46 நாள், முடிஞ்சா அவங்கவங்க வேலைக்கு திரும்பிடுவாங்க, வக்கீலு, டாக்டரு, கணக்கு பாக்குறவரு, வாத்தியாரு.

சரி இவ்ளோ சின்ன பதவி நமக்கு எதுக்குன்னு தோணும். எனக்கும் ரொம்ப வருஷம் அப்படித்தான் தோணுச்சு. நான் 2007ல எச்1பி வேலை விசால வந்தேன், வந்த புதுசுல டிவில ஒபாமா, மெக்கெய்ன்னு பாத்துட்டு அமெரிக்க அரசியல்னா அதுதான்னு நெனச்சுக்கிட்டேன். வாழ்க்கைய உண்மையில எது தொடுதுன்னு புரிய கொஞ்ச காலம் ஆச்சு. ஒரு உதாரணம் சொல்றேன். எங்க ஊர்லேர்ந்து ஏர்போர்ட் பக்கம் போக டல்லஸ் கிரீன்வேன்னு ஒரு ரோடு, 14 மைல், 1995ல திறந்தது, தனியாருக்கு சொந்தமான ரோடு. ஒரு தடவை போறதுக்கு 5 டாலருக்கு மேல டோல். தினம் போயிட்டு வர்றவன் மாசக் கடைசில பில்லைப் பாத்தா கார் லோனுக்கு தம்பி மாதிரி இருக்கும். இந்த டோலை ஏத்தலாமா வேணாமான்னு முடிவு பண்றது ஸ்டேட் கார்ப்பரேஷன் கமிஷன்னு ஒரு அமைப்பு, மூணு பேரு உக்காந்திருப்பாங்க. அந்த மூணு பேரை யாரு நியமிக்கிறாங்க? கவர்னர் இல்ல, ஜனாதிபதி இல்ல, வர்ஜீனியா சட்டசபையும் செனட்டும் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குது. எந்தக் கணக்குல டோல் ஏத்தலாம்னு சட்டம் போடுறதும் அவங்கதான், 2021ல அந்த விதிய கொஞ்சம் இறுக்குனாங்க. நான் எட்டு வருஷமா டோல் கட்டிக்கிட்டு கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருந்தேன், திட்ட வேண்டிய அட்ரஸ் எங்க தொகுதிலயே இருந்துச்சு.

அதே மாதிரி டேட்டா சென்டர். உலகத்துலயே அதிகமா டேட்டா சென்டர் குவிஞ்ச இடம் எங்க கவுண்டி, ஜன்னலே இல்லாத பெரிய பெரிய டப்பா மாதிரி கட்டடம், ராத்திரி மொட்டை மாடி ஃபேன் சத்தம் ம்ம்ம்னு கேட்டுக்கிட்டே இருக்கும், எங்க ஆளுங்கள்ல பாதி பேரு உள்ள ஓடுற சர்வரை மேய்ச்சுதான் சாப்புடுறோம், அதனால முழுசா திட்டவும் முடியல. அவங்களுக்கு விற்பனை வரி விலக்கு குடுக்குறது மாநில சட்டம். கரண்ட் பில் எப்படி பங்கு போடுறதுங்குறதும் ரிச்மண்ட் விவகாரம். கவுண்டி போர்டுல போய் கத்தலாம்னா, வர்ஜீனியால டில்லன் ரூல்னு ஒண்ணு இருக்கு, மாநிலம் குடுத்த அதிகாரம் மட்டும்தான் கவுண்டிக்கு, அதுக்கு மேல ஒரு ஆணி புடுங்க முடியாது. வருஷா வருஷம் காருக்கு சொத்து வரி கட்டுறோமே, அந்த வரிய கவுண்டிதான் வாங்குது, ஆனா அதுக்கு அனுமதியும் விதியும் ரிச்மண்டோடது. 1997ல ஜிம் கில்மோர்ங்கிறவரு கார் வரிய ஒழிப்பேன்னு சொல்லியே கவர்னர் ஆனாரு. நாங்க இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்கோம், அது தனிக் கதை.

இனி என் சொந்தக் கதைக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

2010 சென்சஸ்ல எங்க வீட்டுல மூணு பேருன்னு எழுதிக் குடுத்தேன். 2020 சென்சஸ்ல நாலு பேரு. ரெண்டு தடவையும் எனக்கு ஓட்டு கிடையாது. முதல் தடவை எச்1பி, ரெண்டாவது தடவை கிரீன் கார்டு. ஆனா செனட் தொகுதி கோடு போடும்போது நாங்க எல்லாரும் கணக்குல உண்டு. லவுடன் கவுண்டில 1990ல 86 ஆயிரம் பேருதான், 2020ல 4 லட்சத்து 20 ஆயிரம். அந்த வளர்ச்சில எங்கள மாதிரி வந்து சேந்தவங்க எத்தனை குடும்பம். நாங்க வந்ததால எங்க பகுதிக்கு ரிச்மண்ட்ல பலம் கூடுச்சு. எங்க தலைய எண்ணி சீட்டு வாங்கிட்டு, அந்த சீட்டுக்கு யாருன்னு எங்களைக் கேக்காம முடிவாச்சு. கடுப்பா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பந்தில தலைய எண்ணி இலை போட்டுட்டு, உக்காரப் போனா நீங்க அடுத்த பந்தின்னு சொன்ன மாதிரி.

ஆனா ஒரு தடவை என்னாச்சுன்னா, எச்1பி எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருந்த சமயம். இங்க டிரைவிங் லைசென்ஸ் விசா தேதியோட கட்டிப் போட்டிருப்பாங்க, விசா முடியுற அன்னிக்கு லைசென்சும் முடியும். விண்ணப்ப ரசீது இருக்கு, வேலை செய்யலாம்னு சட்டம் இருக்கு, ஆனா கவுண்டர்ல இருந்தவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது பையன் அப்போ கைக்குழந்தை, மனைவிக்கு லைசென்ஸ் கிடையாது, பஸ்ஸும் கிடையாது, கார் இல்லாம இந்த ஊர்ல பால் கூட வாங்க முடியாது. கூட வேலை செய்ற ஒரு வெள்ளைக்காரர் சொன்னாரு, உன் மாநில பிரதிநிதி ஆபீசுக்கு போன் பண்ணுன்னு. நான் ஓட்டர் இல்லையேன்னேன். பண்ணு சும்மான்னாரு. மதியம் லஞ்ச் டைம்ல பார்க்கிங் லாட்ல கார்ல உக்காந்து தயிர்சாத டப்பாவை மடில வச்சுக்கிட்டே போன் போட்டேன். ஒரு சின்னப் பொண்ணு எடுத்துச்சு, ஆபீஸ் உதவியாளர். பதட்டத்துல நான் முதல் வரிலயே நான் சிட்டிசன் இல்ல, எனக்கு ஓட்டு இல்லன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு அதை கண்டுக்கவே இல்ல. கேட்டது ஒரே கேள்வி, "உங்க வீடு எந்தத் தெரு?" தெருப் பேரைச் சொன்னேன், கீபோர்டுல தட்டுற சத்தம் கேட்டுச்சு, "ஆமா, நீங்க எங்க தொகுதிதான்"னு சொல்லிட்டு விவரத்தை எழுதிக்கிச்சு. மூணாம் நாள் லைசென்ஸ் குடுக்குற டிஎம்வி ஆபீஸ்லேர்ந்து போன், இன்ன பேப்பரைக் கொண்டு வாங்கன்னு. ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் குடுத்தாங்க.

நம்ம ஊர்ல எம்.எல்.ஏ ஆபீசுக்கு போனா முதல்ல எந்த பூத்துன்னு கேப்பாங்க, அப்புறம் யாரோட ஆளுன்னு கேப்பாங்க. எல்லா இடத்துலயும்னு சொல்லல, எங்க ஊர்ல நான் பாத்தது.

பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்தப் பொண்ணு கேட்ட 'எந்தத் தெரு'ங்கிற கேள்விக்குப் பின்னாடி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன பெரிய சண்டை இருக்குன்னு. அமெரிக்கால ரொம்ப காலம் பல மாநிலங்கள்ல செனட் தொகுதிகளை நிலத்தை வச்சுத்தான் பிரிச்சிருந்தாங்க, ஆளை வச்சு இல்ல. கலிஃபோர்னியால லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டில 60 லட்சம் பேருக்கு ஒரு மாநில செனட்டர், மலைப்பக்கம் 14 ஆயிரம் பேரு இருந்த தொகுதிக்கும் ஒரு செனட்டர். அலபாமால பர்மிங்ஹாம் நகரம் இருக்குற ஜெஃபர்சன் கவுண்டி 6 லட்சத்துக்கு மேல, ஒரு செனட்டர், 15 ஆயிரம் பேரு இருந்த லவுண்ட்ஸ் கவுண்டிக்கும் ஒண்ணு. லவுண்ட்ஸ்ல பெரும்பான்மை கறுப்பின மக்கள், அவங்களை ஓட்டுப் போடவே விடல, ஆக அந்த 15 ஆயிரத்துலயும் கொஞ்சம் வெள்ளைக்காரங்க கையிலதான் அந்த சீட்டு. 1964 ஜூன் 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இது செல்லாதுன்னுச்சு. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதுன வரி ரொம்ப பிரபலம், மக்கள் பிரதிநிதிங்க மனுஷங்களுக்குத்தான் பிரதிநிதி, மரத்துக்கும் ஏக்கருக்கும் இல்லைன்னு. அதே நாள் வர்ஜீனியா கேஸும் தீர்ப்பாச்சு, அது எங்க பக்கத்து கவுண்டிங்க ஃபேர்ஃபேக்ஸ், ஆர்லிங்டன்காரங்க போட்ட கேஸு. அன்னிலேர்ந்து செனட் தொகுதின்னாலும் தலைக்கணக்கு சமமா இருக்கணும்.

அப்போ யாரோட தலை? அங்கதான் எங்க கதை வருது. டெக்சாஸ்ல ரெண்டு பேரு கேஸ் போட்டாங்க, மாநில செனட் தொகுதியைப் பிரிக்கும்போது ஓட்டுப் போடத் தகுதி உள்ளவங்கள மட்டும் எண்ணணும், சின்னப் பசங்க, வெளிநாட்டுக்காரங்க இவங்களை எண்ணுனா எங்க ஓட்டோட மதிப்பு குறையுதுன்னு. எவன்வெல் எதிர் ஆபட்னு பேரு. 2016 ஏப்ரல்ல தீர்ப்பு, எட்டு நீதிபதிங்களும் ஒரே முடிவு, மொத்த ஜனத்தொகைய வச்சு பிரிக்கலாம். தீர்ப்பு எழுதுனது ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மா, பிரதிநிதி ஓட்டுப் போடறவங்களுக்கு மட்டும் இல்ல, தொகுதில குடியிருக்குற எல்லாருக்கும் பிரதிநிதி, ஓட்டு இல்லாதவங்களுக்கும் பள்ளிக்கூடத்துல அரசு சேவைல பங்கு இருக்குன்னு சொன்னாங்க. தகுதி உள்ளவங்களை மட்டும் எண்ணுற மாநிலம் வந்தா என்ன ஆகும்ங்கிற கேள்வியை மட்டும் திறந்தே விட்டுட்டாங்க, அது இன்னும் திறந்துதான் கிடக்கு, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது தலைக்கு மேல தொங்குற கத்திதான்.

யாரை எண்ணுறதுங்கிற இந்தக் கேள்வி உங்க வாசகர்களுக்குப் புதுசு இல்ல. லோக்சபா தொகுதி மறுவரையறைன்னு பேச்செடுத்தாலே நம்ம 39 என்ன ஆகும்னு பயப்படுறோம், 1971 கணக்கோட நிறுத்தி வச்சிருக்கறதாலதான் தப்பிச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா ஒரு சங்கடமும் சொல்லணும், அங்க நான் தலைக்கணக்கு கூடாதுன்னு சொல்றவன், இங்க தலைக்கணக்குதான் நியாயம்னு சொல்றவன். எங்க அப்பா இதைக் கேட்டுட்டு, ஊருக்கு ஒரு நியாயமாடான்னாரு. அதுக்கு என்கிட்ட நேர்த்தியான பதில் இல்ல. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோட பேசுற விஷயமும், ஒரே மாநிலத்துக்குள்ள தெருவும் தெருவும் பேசுற விஷயமும் வேறன்னு சொல்லிப் பாத்தேன், அவரு ஒத்துக்கல.

கோடு போடுறது யாருங்கிறதும் முக்கியம். இங்க ரொம்ப காலமா ஆளுங்கட்சியே அவங்களுக்கு வசதியா கோடு போட்டுக்கும். 2020ல வர்ஜீனியா ஜனங்க ஓட்டுப் போட்டு கமிஷன் வச்சாங்க, 8 அரசியல்வாதி, 8 பொதுஜனம், கடைசில பாதிக்கு பாதி பிரிஞ்சு நின்னு ஒண்ணும் முடியல. மாநில சுப்ரீம் கோர்ட் ரெண்டு நிபுணர்களை வச்சு வரைய சொல்லிடுச்சு, ஒருத்தர் இந்தக் கட்சி சொன்ன ஆளு, இன்னொருத்தர் அந்தக் கட்சி சொன்ன ஆளு. 2021 டிசம்பர் 28 முடிவாச்சு. அவங்க ரெண்டு பேரும் சிட்டிங் செனட்டருங்க வீடு எங்க இருக்குன்னு பாக்காமலே வரைஞ்சாங்க. விளைவு, ஒரே தொகுதில ரெண்டு சிட்டிங் ஆளு மோதிக்கிற நிலைமை, பழம் தின்னு கொட்டை போட்ட பல பேரு மூட்டை கட்டிட்டாங்க. 2008லேர்ந்து செனட்ல இருந்த சேப் பீட்டர்சன் 2023 பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற தேர்தல்ல, பங்களாதேஷ்ல பிறந்த சதாம் சலீம்ங்கிற இளைஞர்கிட்ட தோத்தாரு. புது கோடு இல்லைன்னா அது நடந்திருக்குமாங்கிறது எனக்கு சந்தேகம்தான்.

எங்க தொகுதி 32. 2023ல சுஹாஸ் சுப்ரமண்யம் ஜெயிச்சாரு, ஒரே வருஷத்துல 2024 நவம்பர்ல வாஷிங்டன் காங்கிரசுக்கு ஜெயிச்சு போயிட்டாரு. ஆக 32க்கு இடைத்தேர்தல், 2025 ஜனவரி 7. எனக்கு 2024லதான் குடியுரிமை வந்துச்சு, இந்த நாட்டுக்கு வந்து 17 வருஷம் கழிச்சு. நவம்பர்ல முதல் ஓட்டு, ஜனவரில ரெண்டாவது ஓட்டு.

இடைத்தேர்தல்னதும் நம்ம ஊர் ஞாபகம் வந்து நீங்க திருமங்கலம் ஃபார்முலான்னு நெனச்சுடாதீங்க. இங்க ஒரு டீ கூட கிடைக்கல. முதல் நாள் 6ஆம் தேதி நல்ல பனி கொட்டி ஊரே வெள்ளை. ஸ்கூல் லீவு. மறுநாள் காலைல வாசல்ல பனிய வாரித் தள்ளவே அரை மணி நேரம், அப்புறம் பையனோட ஸ்கூல் ஜிம்முக்கு போனேன், அதுதான் எங்க பூத். பார்க்கிங்ல ஒரு பக்கம் மட்டும் பனி வழிச்சிருந்தாங்க. உள்ள பாஸ்கெட்பால் கூடைக்கு கீழ டேபிள் போட்டு வயசான அம்மாங்க நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க, ஓட்டுப் போட நின்னது நானும் ஒரு பாட்டியும். மை கிடையாது, ஸ்டிக்கர்தான். பேப்பர் சீட்டுல முட்டை முட்டையா இருக்கறதை கருப்புப் பேனால நிரப்பி மெஷின்ல விடணும். சீட்டுல மொத்தமே ரெண்டு போட்டி, செனட் 32, கீழ்சபை 26. செனட்டுக்கு டெமாக்ரட் கண்ணன் ஸ்ரீனிவாசன். கீழ்சபைக்கு ரிபப்ளிகன் ராம் வெங்கடாசலம், அவரை எதிர்த்து டெமாக்ரட் ஜேஜே சிங். நாலு பேர்ல மூணு பேரு இந்தியப் பேரு, ரெண்டு கட்சிலயும் நம்ம பேரு. அங்கதான் நான் பேனாவை வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டேன். முந்தின நாள் வரைக்கும் வாட்ஸ்அப் குரூப்ல 'நம்மாளுக்கு போடுங்க'ன்னு ஃபார்வர்டு பறந்துச்சு. இப்போ எந்த நம்மாளு? பேரைப் பாத்து ஓட்டுப் போட்டா மேல ஒரு கட்சி, கீழ இன்னொரு கட்சின்னு ஆயிடும்.

இதுல உங்க பேப்பர் மேலயும் எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு. வெளிநாட்டுல ஜெயிச்ச நம்ம ஆளுன்னா போட்டோ, சொந்த ஊரு, தாத்தா என்ன வேலை பாத்தாரு, எல்லாம் போடுறீங்க. அவரு டோலுக்கு என்ன சொன்னாரு, டேட்டா சென்டருக்கு என்ன சொன்னாரு, அது ஒரு வரி கூட இருக்காது. நான் யாருக்குப் போட்டேன்னு சொல்லப் போறதில்ல. ஆனா பேனாவை எடுத்தப்போ மனசுல ஓடுனது கிரீன்வே பில்லு, அந்த லஞ்ச் டைம் போன்.

அன்னிக்கு பந்தயம் என்னன்னு உள்ள இருந்தப்போ யாரும் பேசல, ஆனா விஷயம் பெருசு. மாநில செனட்ல டெமாக்ரட் 21, ரிபப்ளிகன் 19. எங்க தொகுதி கை மாறியிருந்தா 20க்கு 20, அப்போ துணை கவர்னரா இருந்தது ரிபப்ளிகன் கட்சி வின்சம் ஏர்ல் சியர்ஸ், சமமான ஓட்டை முடிவு பண்ற உரிமை அவங்களுக்கு. மறுநாள் 8ஆம் தேதி சபை கூடுது. ஒரு மாநிலத்தோட மேலவை யாரு கையிலங்கிறதை பனில வழுக்கி விழாம ஜிம்முக்கு வந்து சேந்த ஆளுங்க முடிவு பண்ணாங்க. கண்ணன் ஸ்ரீனிவாசன் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. இன்னும் உண்மையச் சொன்னா முடிவு அதுக்கு முன்னாடியே நவம்பர்ல ஆயிடுச்சு, டெமாக்ரட் கட்சி வேட்பாளரை ஃபயர்ஹவுஸ் பிரைமரின்னு கட்சியே ஒரு நாள் நடத்தி முடிச்சுது. தொகுதி அந்தக் கட்சிப் பக்கம் சாஞ்சது, அதனால அன்னிக்கு வந்து நின்னவங்க ஓட்டுதான் உண்மையான ஓட்டு. அன்னிக்கு நான் போகல. பையனுக்கு செஸ் போட்டின்னு காரணம் சொல்லிக்கிட்டேன். 17 வருஷம் ஓட்டு இல்லைன்னு புலம்புனவன், கையில வந்த முதல் மாசமே முக்கியமான ஓட்டை விட்டுட்டேன். எங்க தெருவுல ஓட்டு உள்ள தமிழ்க் குடும்பம் ஆறு, ஜனவரி 7 போனது எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. ஜனாதிபதி தேர்தலுக்கு ஆறும் போச்சு, செல்ஃபி எல்லாம் குரூப்ல இருக்கு.

பக்கத்து வீட்டுல திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருத்தரு, எச்1பி, இங்க பிறந்த ரெண்டு பொண்ணுங்க. மார்ச் மாசம் இந்தியன் கடை வாசல்ல ஒருத்தர் கிளிப்போர்டு வச்சுக்கிட்டு வேட்பாளர் மனுவுக்கு கையெழுத்து வாங்கிட்டு இருந்தாரு, மாநில செனட்டுக்குன்னா 250 கையெழுத்து வேணும், கீழ்சபைக்கு 125. நாங்க ரெண்டு பேரும் முருங்கைக்காயும் இட்லி ரவையும் வாங்கிட்டு வெளிய வர்றோம். என்னைக் கேட்டாரு, போட்டேன். தம்பியைக் கேட்டாரு, அவரு பழக்கப்பட்ட மாதிரி சிரிச்சுக்கிட்டே, "இல்ல சார், நான் எண்ணிக்கைக்கு மட்டும்"னாரு, இங்கிலீஷ்ல. அந்த ஆளுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது. அவரோட கிரீன் கார்டு பிரையாரிட்டி டேட், அதாவது அந்த வரிசைல அவரு சேந்த தேதி, 2016. இப்போ ஓடுற வேகத்துல அவருக்கு முன்னாடி அவரோட மூத்த பொண்ணு ஓட்டுப் போடும், அதுக்கு இப்போ எட்டு வயசு.

அவருகிட்ட அந்த லைசென்ஸ் கதையச் சொல்லி, தயங்காம ஆபீசுக்கு போன் பண்ணுங்க தம்பி, உங்களையும் எண்ணித்தான் அவங்களுக்கு அந்தத் தொகுதி கிடைச்சிருக்குன்னு சொன்னேன். போன வாரம் கிரீன்வே டோல் விஷயமா பண்ணியிருக்காரு. எந்தத் தெருன்னு கேட்டாங்களாம்.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்குறது ஒரு சின்ன திருத்தம்தான். 'அமெரிக்க செனட்டர்'னு வந்ததை 'வர்ஜீனியா மாநில செனட்டர்'னு மாத்தி ஒரு மூலைல போடுங்க, எழுத்து சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, அப்பா பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுக்குவாரு. நான் எவ்ளோ சொல்லியும் பேப்பர்ல வந்தா தப்பா இருக்காதுங்கிறாரு, கீழ வீதி டீக்கடைல என் பையனோட ஊர் செனட்டர் கண்ணன்தான் டிரம்ப்புக்கு சட்டம் பாஸ் பண்ணிக் குடுக்குறாருன்னு வேற சொல்லி வச்சிருக்காரு.

இப்படிக்கு,
திருவாரூர்க்காரன்,
ஆஷ்பர்ன், வர்ஜீனியா.